பந்தயம் கட்டுமாவடி வழியாகப் போகட்டும்

2026 ஜனவரியில் புனே நகரிலும் அதைச் சுற்றியுள்ள மலைச்சாலைகளிலும் ஐந்து நாட்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் நடந்தது. முதல் நாள் நகருக்குள் ஒரு குறும்பந்தயம், அடுத்த நான்கு நாட்களும் ஊர் ஊராகக் கடக்கும் கட்டங்கள், மொத்தம் 437 கிலோமீட்டர். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வீரர்கள் வந்திருந்தார்கள். உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐயின் நாட்காட்டியில் 2.2 என்ற தரத்தோடு ஆண்களுக்கான பல கட்டச் சாலைப் பந்தயம் ஒன்று இந்தியாவில் நடந்தது அதுவே முதல்முறை. உலகத் தரவரிசையில் அது கீழ்ப்படிதான். ஆனாலும் படியில் கால் வைத்தாகிவிட்டது.

இனி மற்ற மாநிலங்களுக்கும் ஆசை வரும். தமிழ்நாட்டுக்குக் கட்டாயம் வரும். 2022-ல் செஸ் ஒலிம்பியாட்டை மாமல்லபுரத்துக்குக் கொண்டுவந்த மாநிலம் இது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் ஃபார்முலா 4 கார்களை ஓடவிட்ட மாநிலம். சைக்கிள் பந்தயத்துக்கும் ஒரு கோப்பு நகரத் தொடங்கினால், வரைபடத்தில் எந்தச் சாலை மேல் விரல் போகும் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். பக்கத்திலேயே விமான நிலையம், நட்சத்திர விடுதிகள், கேமராவுக்குக் கடற்கரைக் கோயில். வார இறுதி விடியற்காலைகளில் விலை உயர்ந்த சைக்கிள்களில் பறப்பவர்களுக்கும் பழகிய பாதை.

அதே சாலை தெற்கே போய்க்கொண்டே இருக்கிறது. நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் எல்லாம் தாண்டி, தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்கும் இடத்தில் கட்டுமாவடியைத் தொடுகிறது. தமிழ்நாட்டில் பல கட்ட சைக்கிள் பந்தயம் ஒன்று நடக்குமானால் அதன் முக்கியமான நாள் இந்த ஊர் வழியாகப் போக வேண்டும். அந்தப் பந்தயம் பெண்களுக்கானதாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்றில்லாமல் மற்றது எனக்கு வேண்டாம்.

வெளியூர்க்காரர்களுக்குக் கட்டுமாவடியை மீனால் தெரியும். நாட்டுப்படகுகள் கரை சேர்ந்ததும் ஏலம் நடக்கும். நண்டும் இறாலும் ஐஸ் பெட்டியில் ஏறி அறந்தாங்கி, பேராவூரணி, புதுக்கோட்டை என்று கிளம்பிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வாய்த்த கடற்கரை 42 கிலோமீட்டர்தான். அதன் வடக்கு முனை இந்த ஊர். விசைப்படகுகள் தெற்கே கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைப் படுக்கப்போட்டபோது ஊர்ப் பெயர் சில நாட்கள் செய்தியில் அடிபட்டது. அவ்வளவுதான்.

ஆனால் சாலைப் பந்தயம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. அறந்தாங்கி, மணமேல்குடி, ஆவுடையார்கோவில் வட்டாரங்களில் கோயில் திருவிழா என்றால் மாட்டுவண்டி எல்லைப் பந்தயம் வைப்பார்கள். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. ‘போகவர 8 மைல்’ என்று நோட்டீஸ் அடிப்பார்கள். நாட்டுக்குக் கிலோமீட்டர் வந்து அறுபது ஆண்டுகள் தாண்டியும் மாட்டுக்கு மைல்தான். எல்லையைத் தொட்டு முதலில் திரும்பும் சாரதிக்குக் கொடிப் பரிசு. ஊர் திரும்பிக் கோட்டைத் தாண்டுவதற்கு வேறு பரிசு. பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் டூர் தி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்திலும் பாதி வழியில் ஓர் ஊரில் கோடு போட்டு, அதை முதலில் கடப்பவருக்குத் தனிப் புள்ளி கொடுக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை மணமேல்குடிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பல நாள் சைக்கிள் ஓட்டுவதைக்கூட நம் கிராமங்கள் பார்த்திருக்கின்றன, வேறு உருவத்தில். ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஊர்ப் பொட்டலில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, இரவும் பகலுமாக ஒரு மனிதர் சைக்கிளிலிருந்து இறங்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார். குளிப்பது, சாப்பிடுவது, சவரம் செய்துகொள்வது எல்லாம் சைக்கிள் மேல்தான். கடைசி நாளில் நெஞ்சில் ட்யூப்லைட் உடைப்பார். ஜனங்கள் ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குத்துவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் கூடங்களில் ஆறு நாள் பந்தயம் என்று நடத்தி, ஓட்டுபவர்கள் தூக்கமில்லாமல் பிதற்றுவதை டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். நம் ஊரில் டிக்கெட் இல்லை என்பதுதான் வித்தியாசம். வயிற்றுப்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றே.

பல கட்டப் பந்தயத்தின் கணக்கு எளிதானது. ஒவ்வொரு நாளும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்டுகிறார்கள். அன்றன்றைக்கு ஒருவர் வெல்கிறார். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கே பந்தயம். ஆகவே ஒரு நாள்கூட முதலில் வராமல் பந்தயத்தை வெல்ல முடியும். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் 1990-ல் டூர் தி பிரான்ஸை அப்படித்தான் வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் வென்றது, மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு, வெறும் 8 விநாடி வித்தியாசத்தில்.

கணக்கு எளிது, ஓட்டுவது எளிதல்ல. சைக்கிள்காரனுக்கு முதல் எதிரி காற்று. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். அதனால்தான் இந்தத் தனிமனித விளையாட்டு அணியாக ஆடப்படுகிறது. தலைவரைக் காற்றிலிருந்து மறைத்துக் கூட்டிப் போவதும், பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்பதும், தலைவரின் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடுரோட்டில் நிற்பதும் மற்றவர்களின் வேலை. அவர்கள் பெயர் தலைப்புச் செய்தியில் வராது. பரிசுப் பணத்தை மட்டும் அணிக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், படகில் பங்கு பிரிப்பது போல.

கடற்கரைச் சாலை தட்டைச் சாலைதானே, அதில் என்ன சவால் என்று கேட்கலாம். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பிறந்த வீரர்களைக் கேட்டால் மலையைவிடத் தட்டைச் சாலைதான் அச்சம் என்பார்கள். பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது ஒருவர் பின் ஒருவராகப் போவதில் பயனில்லை. காற்று வரும் பக்கமாகச் சாய்ந்து, சாலையின் அகலம் முழுக்க விசிறிபோல விரிந்து ஓட்ட வேண்டும். சாலைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் அகலம்தான் உண்டு. பதின்மூன்றாவது ஆளுக்கு மறைவு கிடைக்காது. மண் ஓரத்தில் தனியாக மிதித்து, மெல்ல விடுபட்டுப் போவார். மலையில் தோற்பவர் மூச்சிரைத்துத் தோற்கிறார். காற்றில் தோற்பவர் கவனக் குறைவால் தோற்கிறார்.

கட்டுமாவடிக்குத் தெற்கே சாலை கடலை ஒட்டி வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இறங்குகிறது. இங்குள்ள மீனவர்களிடம் காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. மார்கழி, தை மாதங்களில் தெற்கே போகிறவருக்கு வாடை முதுகில் கை வைத்துத் தள்ளும். வடக்கே திரும்புகிறவருக்கு அதே வாடை நெஞ்சில் உட்காரும். பிற்பகலில் கடலிலிருந்து எழும் காற்று பக்கவாட்டில் வரும். மீமிசலிலிருந்து கோட்டைப்பட்டினம், மணமேல்குடி வழியாகக் கட்டுமாவடி வரை ஜனவரியில் ஒரு கட்டம் வைத்தால், ஒரு மேடுகூட இல்லாத அந்தச் சாலையிலேயே அணிகள் சிதறிப் போகும். எந்த நாளில் எந்தக் காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதைச் சொல்ல அணி மேலாளர்களுக்குச் செயற்கைக்கோள் தேவையில்லை, கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரைக் கேட்டால் போதும்.

இந்தப் பந்தயங்கள் எப்படித் தோன்றின என்பது நாளிதழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. பிரான்ஸில் லோட்டோ என்ற விளையாட்டு நாளிதழ் விற்பனையில் போட்டிப் பத்திரிகையைவிடப் பின்தங்கியிருந்தது. அதன் ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்சிடம், நாட்டையே சுற்றி ஒரு பந்தயம் நடத்தலாம் என்று இளம் நிருபர் ஒருவர் யோசனை சொன்னார். 1903 ஜூலை 1 அன்று 60 பேர் கிளம்பினார்கள். 6 கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். திரும்பி வந்தவர்கள் 21 பேர். வென்ற மொரீஸ் கரேன் சிறுவயதில் புகைபோக்கி துடைத்தவர். பத்திரிகை விற்பனை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. போட்டிப் பத்திரிகை அடுத்த ஆண்டு மூடப்பட்டது. லோட்டோ மஞ்சள் தாளில் அச்சானது, அதனால் முன்னணி வீரருக்கு 1919 முதல் மஞ்சள் சட்டை. இத்தாலியின் ஜீரோ பந்தயத்தை 1909-ல் தொடங்கிய கசெட்டா பத்திரிகை இளஞ்சிவப்புத் தாள். அங்கே சட்டையும் இளஞ்சிவப்பு. பத்திரிகை விற்பதற்காகப் பிறந்த விளையாட்டு இது. வெட்கப்பட எதுவுமில்லை. சொல்வதற்குக் கதை வேண்டும் என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள், ஊர்வழியே கதையை ஓட்டி அனுப்பினார்கள். கிராமத்து மனிதர் காலையில் வாசலில் நின்று பார்த்ததையே அடுத்த நாள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்.

கதைக்கும் பஞ்சமில்லை. 1913-ல் பிரனே மலையின் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜின் கிறிஸ்டோபின் சைக்கிள் ஃபோர்க் உடைந்துவிட்டது. பிறர் உதவி கூடாது என்பது விதி. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். அடிவாரக் கிராமத்தில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. கொல்லர் வேடிக்கை மட்டும் பார்க்க, கிறிஸ்டோப் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கை ஒட்டவைத்தார். நடுவர்கள் பக்கத்திலேயே நின்று கண்காணித்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அதற்குத் தண்டனையாக நேரம் கூட்டினார்கள்! தெக்ராஞ்ச் அப்படிப்பட்ட ஆள். ஆனால் அதே பிடிவாதக்காரர் 1930-ல் செய்த ஒரு காரியம் நமக்கு உதவும். சைக்கிள் கம்பெனிகளின் ஆட்டத்தைச் சகிக்க முடியாமல், கம்பெனி அணிகளையே நீக்கிவிட்டு நாட்டு அணிகளை வைத்தார். எல்லா வீரர்களுக்கும் பெயர் பொறிக்காத ஒரே மாதிரி மஞ்சள் சைக்கிளைப் பந்தயக் குழுவே கொடுத்தது. சாமான் ஒன்று, கால்தான் வேறு. அந்தச் செலவை ஈடுகட்ட, வீரர்களுக்கு முன்னால் விளம்பர வண்டிகளை ஓடவிடும் பழக்கமும் அந்த ஆண்டே தொடங்கியது.

ஒரே மாதிரி சைக்கிளை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் பழகிய வேலை. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவிகள் அனைவருக்கும் விலையில்லா சைக்கிள் வழங்கப்படுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம். பிரான்ஸுக்குக்கூட இத்தனை சைக்கிளை இலவசமாகக் கொடுத்த வரலாறு கிடையாது.

அந்தத் திட்டத்துக்குப் பத்தாண்டு முன்பே புதுக்கோட்டை ஒரு வேலையைச் செய்து முடித்திருந்தது. 1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். எழுத்தறிவு உள்கிராமங்களுக்குப் போக வேண்டுமென்றால் சொல்லித்தருகிற பெண்கள் அங்கே போய்ச் சேர வேண்டும். பஸ் இல்லாத ஊருக்கு அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விடும்வரை காத்திருந்தால் நடக்குமா? சைக்கிள் பழகுவதையும் அறிவொளியின் ஒரு பாடமாகச் சேர்த்தார். வங்கிக் கடனுக்கு வழி செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துப் பொட்டல்களில் பயிற்சி முகாம் நடந்தது. பாட்டுக் கட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டிப் புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அடுத்த சில ஆண்டுகளில் இங்கே வந்து எழுதியபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகியிருந்தார்கள். கண்காட்சிபோலவும் போட்டிபோலவும் நடந்த பொது நிகழ்ச்சிகளில் மட்டும் எழுபதாயிரம் பேர் கலந்துகொண்டிருந்தார்கள்.

எழுபதாயிரம் என்ற எண்ணின் எதிரே சற்று நிற்க வேண்டும். புனேயில் ஓட்டியவர்கள் இருநூறு பேர்கூட இல்லை.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தபோது இந்தப் பெண்கள் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளில் ஏறினார்கள். பலருக்கு அதுதான் வசதி என்றும் பட்டது; பாரில் ஒரு பிள்ளை, பின்னால் கேரியரில் இன்னொன்று, ஹேண்டில் பாரில் குடம். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பூ விற்பவர்கள் எல்லாரும் பழகினார்கள். ஆரம்பத்தில் கேலி பேசியவர்கள், வசவு சொன்னவர்கள் உண்டு. பஸ்ஸுக்காக நிற்கும் நேரம் மிச்சமானதும் சரக்கை இன்னும் நாலு ஊருக்குக் கொண்டுபோக முடிந்தது, அதன் பிறகு கேலி குறைந்தது. காற்றை எதிர்த்துச் சுமையோடு மிதிப்பதுதான் இந்த விளையாட்டின் அடிப்படை என்றால், அதற்கான பயிற்சி இந்த மாவட்டத்தில் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு இருந்தது. அதை விளையாட்டு என்று யாரும் அழைக்கவில்லை, அவ்வளவே. அந்தப் பெண்களின் பேத்திகள் இன்று பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

உலகத்தில் பெண்களின் பல கட்டப் பந்தயம் எப்படி நடத்தப்பட்டது என்பதையும் பார்க்கலாம். 1924-ல் இத்தாலியின் ஜீரோவில் அல்போன்சினா ஸ்த்ராதா என்ற பெண் ஆண்களோடு சேர்ந்து ஓட்டினார். ஒரு நாள் விழுந்து ஹேண்டில் பார் உடைந்தபோது துடைப்பக் கட்டையைச் செருகிக்கொண்டு தொடர்ந்தார். கால வரம்பைத் தாண்டிவிட்டார் என்று கணக்கிலிருந்து நீக்கினார்கள், கூட்டம் அவரைத்தான் பார்க்க வருகிறது என்பதால் ஓட்ட மட்டும் அனுமதித்தார்கள். மிலான் வரை போய்ச் சேர்ந்தார். தொடங்கிய ஆண்களில் பெரும்பாலோர் சேரவில்லை. பெண்களுக்கான டூர் தி பிரான்ஸ் 1955-ல் ஒரே ஒரு முறை நடந்தது. 1984-ல் மறுபடி தொடங்கி ஆண்களின் பந்தயத்தோடு சேர்த்து நடத்தப்பட்டு 1989-ல் நின்றது. பிறகு வெவ்வேறு பெயர்களில் தட்டுத்தடுமாறி, 2022-ல்தான் முறையான உருவில் திரும்பியது. இன்றும் ஆண்களுக்கு 21 கட்டம், பெண்களுக்கு 9. ஆண்களில் வென்றவருக்கு 5 லட்சம் யூரோ, பெண்களில் வென்றவருக்கு 50 ஆயிரம். வரலாறு முழுக்கப் பெண்களின் பந்தயம் ஆண்களின் பந்தயத்துக்கு வால்போலத்தான் வந்திருக்கிறது. பெண்களிலிருந்து தொடங்கி, ஆண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தகுதி ஏதாவது ஊருக்கு உண்டென்றால், அது புதுக்கோட்டை.

நம்முடைய அரசும் ஒரு சைக்கிள் பந்தயம் நடத்துகிறது. அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி, விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கும் போட்டி. கியர் வைத்த சைக்கிள் கூடாது. இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிளைத்தான் கொண்டுவர வேண்டும். நல்ல விதி, தெக்ராஞ்ச் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. தூரம்தான் உறுத்துகிறது. 13 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10. பதினைந்து வயதுக்குட்பட்டோரிலும் பதினேழு வயதுக்குட்பட்டோரிலும் மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. அதாவது பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்கு வைத்திருக்கும் தூரமும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு வைத்திருக்கும் தூரமும் ஒன்று. அறந்தாங்கிப் பக்கக் கிராமங்களில் பள்ளிக்கூடம் போய்வரவே அதில் பாதியை மிதிக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

ஆகவே யூசிஐ முத்திரைக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன், நம்மிடம் இருப்பதை வைத்து ஒரு பந்தயம் நடத்திப் பார்க்கலாம். நான்கு நாட்கள், ஓட்டுபவர்கள் அரசுப் பள்ளி மாணவிகள், சைக்கிள் அரசு கொடுத்ததே. முதல் நாள் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, கீரமங்கலம் வழியாக அறந்தாங்கி. இரண்டாம் நாள் அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல். மூன்றாம் நாள்தான் பந்தயத்தின் உயிர்: மீமிசலிலிருந்து கடலோரமாக, வாடையை முகத்தில் வாங்கிக்கொண்டு கட்டுமாவடி. நான்காம் நாள் ஒவ்வொருவராக நிமிட இடைவெளியில் கிளம்பி, யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாமல், அறந்தாங்கிக்குத் திரும்பும் தனி நேர ஓட்டம். பள்ளிக்கு ஐந்து பேர் கொண்ட அணி. நேரத்தைக் கூட்டுவதும் சட்டை நிறம் மாற்றுவதும் உலக வழக்கப்படியே இருக்கலாம். பயிற்சியாளர்கள் வெளியிலிருந்து வரட்டும். மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் ஓடுதளமே இருக்கிறது. காற்றில் விரிந்து ஓட்டும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். இரவில் கார் ஓட்டுவதற்கு ஆன செலவில் சிறு பங்கு போதும் என்பது சுலபமான பதில். ஆனால் எனக்கு அதைவிட இன்னொரு கேள்விதான் கவலை தருகிறது. பந்தயம் போகிற சாலைக்கு மட்டும் தார் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் சாலையைப் பள்ளமாகவே விட்டுவிட மாட்டார்களா? பெரிய தலைகள் வருகிற பாதைக்கு முதல் நாள் இரவில் வெள்ளையடிப்பது நமக்குக் கைவந்த கலை. சைக்கிள் பந்தயத்தில் அந்தக் கலை பலிக்காது என்பது ஓரளவு ஆறுதல். வேகத்தடைகளும், போலீஸ் வைத்த இரும்புத் தடுப்புகளும், மீன் லாரி சிந்திய தண்ணீரும், ஓரத்தில் காயும் நெல்லும் நூறு சைக்கிள் ஒன்றாக வரும்போது ஒவ்வொன்றும் ஓர் எலும்பு முறிவு. புனேயின் முதல் கட்டத்திலேயே குறுகலான இடத்தில் பலர் கும்பலாக விழுந்தார்கள், சாலையை அத்தனை பாடுபட்டுச் செப்பனிட்ட பிறகும். மாட்டுவண்டிப் பந்தயத்தின் பின்னால் கூச்சலிட்டுக்கொண்டு பைக்குகளில் துரத்தும் பழக்கமும் இங்கே உண்டு. அதை முதல் நாளே தடுக்காவிட்டால் இந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது. பிள்ளைகள் ஓட்டுகிறார்கள்.

மீனவர்களின் பிழைப்பைக் கெடுக்காமல் நடத்த முடியும். ஏலம் காலையிலேயே முடிந்துவிடுகிறது. ஐஸ் வண்டிகள் கிளம்பிய பிறகு பத்து மணிக்கு மேல் கட்டம் கட்டுமாவடிக்கு வந்தால் போதும். நாள் முழுக்கச் சாலையை மூட வேண்டியதும் இல்லை. முன்னால் ஒரு போலீஸ் வண்டி, கடைசி ஆளுக்குப் பின்னால் முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி. இரண்டுக்கும் நடுவே உள்ள நீளம் மட்டும் நகர்ந்துகொண்டே மூடித் திறக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், லாரி குறைவு, அப்போது வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். அந்த வெயிலில் பிள்ளைகளை ஓட்டச் சொல்வது கொடுமை. பொங்கல் விடுமுறைக்குப் பின் ஒரு வாரம் சரியாக வரும்.

பெரிய பந்தயம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் மகாதீர் ஆட்சியில் 1996-ல் தொடங்கிய லங்காவி பந்தயம் இன்றும் ஓடுகிறது, ஐரோப்பிய அணிகள் வருகின்றன. ருவாண்டா இன்னும் பொருத்தமான உதாரணம். 1988-ல் உள்ளூர்ப் பந்தயமாகத் தொடங்கியது, 2009-ல் யூசிஐ நாட்காட்டிக்குள் போனது, 2025 செப்டம்பரில் உலக சாம்பியன் போட்டியே கிகாலிக்கு வந்தது, ஆப்பிரிக்காவில் முதல்முறையாக. அந்த அரசு தன் முகத்துக்குப் பூச்சு பூசிக்கொள்ளவும் அதைப் பயன்படுத்துகிறது என்ற விமர்சனம் சரியானதே. ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் பல ஆண்டுகள் ஓட்டிய பிறகுதான் உலகம் அங்கே வந்தது என்ற வரிசை முக்கியம். அதே ஆப்பிரிக்காவின் எரித்ரியாவில் இத்தாலியர்கள் விட்டுப்போன சைக்கிள் மோகம் மூன்று தலைமுறை ஊறி, 2024 டூர் தி பிரான்ஸில் பினியாம் கிர்மாய் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிக் கணக்கில் முதலில் வருபவருக்கான பச்சைச் சட்டையோடு திரும்பினார். வெளிநாட்டு அணிகளை அழைத்து ஐந்து நாள் கைதட்டி அனுப்பினால் இவர்களில் ஒருவர்கூட உருவாகியிருக்க மாட்டார்.

இதில் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. அண்ணா பிறந்தநாள் போட்டியில் பதினேழு வயதுக்குட்பட்ட மாணவிகளின் தூரத்தை மாணவர்களுக்குச் சமமாக 20 கிலோமீட்டர் ஆக்குவது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்தப் போட்டியை நகருக்குள் சுற்றவிடாமல், மணமேல்குடிக்கும் கட்டுமாவடிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வைப்பது. ஒரு சுற்றறிக்கை போதும். செப்டம்பருக்கு முன்பே அனுப்பிவிடலாம்.